பாரிஸில் கட்டுப்படியாகும் விலையில் அசல் பிரெஞ்சுச் சாப்பாடு: முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்கு வந்துபோகும் நம்மவர்களில் பலர் ஒரே குறையோடுதான் ஊர் திரும்புகிறார்கள். நோத்ர்தாம் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம், ஆளுக்கு 40 யூரோ போயிற்று, வாயில் வைக்க விளங்கவில்லை என்பார்கள். இன்னும் சிலர் பிரெஞ்சுச் சாப்பாடு என்றாலே வெள்ளைத் துணி விரித்த நட்சத்திர உணவகம், அது நமக்கு எட்டாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பாரிஸின் தமிழ்க்கடைப் பகுதியான லாச்சப்பலில் கொத்துரொட்டி, மற்ற வேளைக்கு பர்கர் என்று பயணம் முடிந்துவிடும். கொத்துரொட்டி நல்லதுதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த ஊர்க்காரர்களின் அன்றாடச் சாப்பாட்டைத் தொடாமல் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாரிஸில் அசல் சாப்பாடும் மலிவான சாப்பாடும் பெரும்பாலும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. பிரெஞ்சுப் பாரம்பரியச் சமையலின் பெரும்பகுதி தொழிலாளிகளின் வீட்டுச் சமையல். பெஃப் பூர்கிஞோன் என்ற மாட்டிறைச்சிக் குழம்பும், பொத்தொஃபெ என்ற காய்கறி போட்ட இறைச்சிச் சாறும், பிளாங்கெத் என்ற கன்றிறைச்சி வெள்ளைக் குழம்பும் விலை குறைந்த, சவ்வு நிறைந்த துண்டுகளை மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைத்துப் பதமாக்கும் வித்தையில் பிறந்தவை. வெங்காய சூப், லே ஆல் சந்தையில் விடிய விடிய மூட்டை தூக்கியவர்கள் குடித்தது. இவற்றுக்கு 35 யூரோ கேட்கிற கடை பொருளுக்காகக் கேட்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சிக்காகக் கேட்கிறது.

அந்த மேசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். விலைகள் எல்லாம் சுமாரானவை, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும்.

படி 1: மதியத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, இரவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி அறையில் சாப்பிட்டுவிடலாம்.

பாரிஸில் அலுவலகம் போகிறவர்கள் மதியம் வெளியே சாப்பிடுகிறார்கள். பல நிறுவனங்கள் அவர்களுக்கு உணவுச் சீட்டு தருகின்றன. அதில் ஒரு நாளைக்கு 25 யூரோ வரைதான் செலவழிக்கலாம். அதனால் அக்கம்பக்கத்து பிஸ்ட்ரோக்கள் (சிறு உணவகங்கள்) எல்லாம் மதிய விலையை அந்த வரம்புக்குள் வைக்கப் பார்க்கும். தினமும் வரும் ஆளை ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பதால் தரமும் இறங்காது. அதே கடையில் இரவில் தனித்தனியாக ஆர்டர் செய்தால் ஆளுக்கு 35, 40 யூரோ தாண்டிவிடும். மதியத்தில் இரண்டு பாகச் சாப்பாடு 17 முதல் 25 யூரோவுக்குள் முடியும்.

நேரம் கறாரானது. சாதாரண பிஸ்ட்ரோவில் மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணி வாக்கில் அடுப்பு அணைந்துவிடும். நம் வழக்கப்படி இரண்டரைக்குப் பசித்துப் போனால் நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். 12 மணிக்கே போனால் இடம் கிடைக்கும். ஒன்றரைக்குப் போனாலும் இடம் கிடைக்கலாம், ஆனால் அன்றைய சிறப்புச் சாப்பாடு தீர்ந்திருக்கும்.

படி 2: வாசல் பலகையைப் படியுங்கள்

பிரான்ஸில் உணவகங்கள் தங்கள் விலைப்பட்டியலை வாசலிலேயே ஒட்டவேண்டும். 1987 முதல் இருக்கும் விதி இது. மதியத்துக்கு 11.30 மணியிலிருந்தும் இரவுக்கு 6 மணியிலிருந்தும் அது வெளியே தெரியவேண்டும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு விலை பார்த்து நெளிய வேண்டிய அவசியமே இல்லை. வெளியில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படியுங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

பலகையில் முதலில் தேடவேண்டியது 'பிலா துய் ஜூர்', அதாவது அன்றைய சாப்பாடு. காலையில் சந்தையில் கிடைத்ததையும் கையிருப்பையும் வைத்துச் சமையல்காரர் போடும் ஒரே ஒரு குழம்போ வறுவலோ அது. கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பார்கள். நேற்று எழுதியதை அழித்த தடம் அதில் தெரிந்தால் நல்ல கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாக்கு எழுத்து மாதிரி அச்சடித்த பலகைகளும் உண்டு. கிட்டே போய் எழுத்தை உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது 'ஃபொர்முல்'. முன் உணவும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும் என்று இரண்டு பாகம் சேர்ந்த நிலையான விலை. மூன்று பாகமும் சேர்ந்தால் அதற்கு 'மெனு' என்று பெயர். நாம் மெனு என்று கேட்கும் பட்டியலை இங்கே 'கார்த்' என்பார்கள். ஆகவே வெயிட்டரிடம் "மெனு" என்று கேட்டுவிட்டு மூன்று பாகச் சாப்பாடு வந்து நின்றால் அது அவர் குற்றமில்லை. அதேபோல் 'அந்த்ரே' என்றால் இங்கே முன் உணவு. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள். 'பிலா' என்பதுதான் முக்கிய உணவு.

பிறகு பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். என் கணக்கு எளிது: முன் உணவு நான்கைந்து, முக்கிய உணவு ஐந்தாறு, இனிப்பு நான்கைந்து. இதற்கு மேல் போகிற சிறிய கடையைச் சந்தேகப்படுவேன். முப்பது இருக்கை உள்ள கடையின் சமையலறை எவ்வளவு பெரிதாக இருக்கும்? அங்கே இரண்டு பேர் நின்றுகொண்டு நாற்பது வகை உணவைப் புதிதாகச் சமைக்க முடியாது. மொத்த வியாபாரிகளிடம் வாங்கிய உறைந்த பாக்கெட்டைச் சூடாக்கித்தான் தரமுடியும். வெங்காய சூப், பிட்சா, பயேயா, பர்கர் நான்கும் ஒரே பலகையில் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். உணவின் வண்ணப்படங்கள், ஆறு மொழி மொழிபெயர்ப்பு, வாசலில் நின்று கையைப் பிடித்து அழைக்கும் ஆள் இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே.

சரி, நல்ல கடையிலும் ஆங்கிலப் பட்டியல் இருக்கலாம். கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துவந்து தருவது வேறு, வாசலில் அதை மட்டும் மாட்டி வைத்திருப்பது வேறு.

படி 3: முத்திரைகளை அளவோடு நம்புங்கள்

பலகையில் சில இடங்களில் ஒரு சின்னப் படம் இருக்கும்: கைப்பிடி வைத்த பாத்திரம், அதன் மேல் மூடிக்குப் பதிலாக வீட்டுக் கூரை. 'ஃபே மேசோன்' என்ற முத்திரை அது. 2014 முதல் சட்டப்படி நடப்பில் உள்ளது. அந்த உணவை அந்தக் கடையிலேயே, சமைக்காத மூலப்பொருளிலிருந்து செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் மூலப்பொருள் உறைந்ததாக இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. சுடாத அடுக்கு மாவு (பஃப் பேஸ்ட்ரி) வெளியிலிருந்து வாங்கலாம், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கலாம். எனவே ஆயத்தப் பாக்கெட் இல்லை என்று நம்பலாமே தவிர, அன்று காலை சந்தையில் வாங்கியது என்று நினைத்துவிடக்கூடாது. முத்திரை போடாத நல்ல கடைகளும் ஏராளம். பழைய ஆட்கள் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை.

இதைவிட நான் கூடுதலாக மதிப்பது 'மேத்ர் ரெஸ்தொரத்தேர்' பட்டம். 2007-இல் வந்தது. சமையலறையைத் தணிக்கை செய்த பிறகு அரசு தரும் பட்டம் என்பதால் அதில் வலு இருக்கிறது. வாசலில் தகடாக மாட்டியிருப்பார்கள். உணவகங்களைத் தரம்பார்க்கும் மிஷலின் நிறுவனத்தின் 'பிப் கூர்மோன்' குறியும் நியாயமான விலைக்கு நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கானதுதான். ஆனால் அதில் புதுப்பாணிச் சமையல் நிறைய இருக்கும். பழைய குழம்பு வகையைத் தேடுகிறவர்கள் பட்டியலைப் படித்துவிட்டுப் போங்கள்.

படி 4: முதல் நாள் பூயோனுக்குப் போங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பூயோன் என்றால் இறைச்சிச் சாறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தியூவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் லே ஆல் சந்தைப் பக்கம் ஓர் உணவகம் திறந்தார். நல்ல துண்டுகளைப் பணக்கார வாடிக்கையாளர்கள் வாங்கிக்கொண்டு போக, மீந்த துண்டுகளைச் சாறும் வேகவைத்த இறைச்சியுமாக்கிச் சந்தைத் தொழிலாளிகளுக்குக் குறைந்த விலைக்குத் தந்தார். அந்த யோசனை ஊர் முழுக்கப் பரவி, பிறகு கிட்டத்தட்ட அழிந்து, இப்போது மறுபடி தழைத்திருக்கிறது.

அழியாமல் நின்றதில் பெரியது பூயோன் ஷார்த்தியே. 1896-இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது, பாரிஸ் 9-ஆம் வட்டாரத்தில் ஃபோபூர் மோன்மார்த்ர் தெரு 7-ஆம் இலக்கம். 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்து போகவேண்டும். உள்ளே கண்ணாடிக் கூரையும் பெரிய கண்ணாடிகளும், மேசைக்கு மேலே ரயில் பெட்டியில் இருப்பதுபோன்ற பித்தளைச் சாமான் தட்டுகளும் இருக்கும். சுவரோரம் சிறு மர இழுப்பறைகளில் எண் போட்டிருக்கும். தினமும் வந்த வாடிக்கையாளர்கள் தங்கள் கைத்துணியை வைத்துவிட்டுப்போன இடம் அது. கறுப்பு உடுப்புப் போட்ட வெயிட்டர் நீங்கள் கேட்டதை மேசையில் விரித்த காகிதத்தின் ஓரத்திலேயே எழுதுவார். சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே கூட்டிப் போட்டுத் தொகை சொல்வார். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்கவேண்டும். 11.30 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை இடைவிடாமல் நடப்பதால், மதியம் 3 மணிக்கோ மாலை 6 மணிக்கோ போனால் வரிசை குறைவு.

ஷார்த்தியேயில் சமையல் ஒரே சீராக இருக்கும் என்று சொல்லமாட்டேன். கூட்டம் அதிகம், வேகம் அதிகம், சில நாள் சாஸ் தண்ணீராக இருக்கும். அந்த மண்டபத்துக்காகவே ஒரு தடவை போகலாம். சாப்பாட்டுக்காக என்றால் 2017-இல் திறந்த பூயோன் பிகாலும், 2021-இல் திறந்த பூயோன் ரெப்யூப்ளிக்கும் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். பாரிஸ் 10-இல் உள்ள பூயோன் ஜூலியான் நால்வரில் அழகி: பூ வேலைப்பாடு செய்த கண்ணாடிகள், மயில் நிறப் பச்சைச் சுவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க கால அலங்காரம் அப்படியே இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், முன்பதிவு செய்யலாம். அது இருப்பது ஃபோபூர் சான் தெனி தெரு 16-ஆம் இலக்கத்தில். சாப்பிட்டு முடித்து அதே தெருவில் வடக்கே நடந்துகொண்டே போனால் நம் லாச்சப்பல் கடைகள் வந்துவிடும்.

கணக்கு இப்படி வரும். முட்டை மயோனேஸ் 2 முதல் 4 யூரோ, பூர்கிஞோன் 11 முதல் 14, இனிப்பு 4, 5 யூரோ. தண்ணீர் இலவசம். ஆக 20 யூரோவைச் சுற்றி மூன்று பாகச் சாப்பாடு முடிந்துவிடும்.

படி 5: பதம் பார்க்கப் பழகுங்கள்

பூயோனில் இரண்டு மூன்று வேளை சாப்பிட்டால் எது எப்படி இருக்கவேண்டும் என்று நாக்குக்குப் பிடிபட்டுவிடும். அதன்பிறகு எந்த பிஸ்ட்ரோவிலும் அளந்து பார்க்கலாம்.

முட்டை மயோனேஸிலிருந்து தொடங்குங்கள். அவித்த முட்டை, மேலே மயோனேஸ், அவ்வளவுதான். இதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். மஞ்சள் கரு ஓடவும் கூடாது, ஓரத்தில் சாம்பல் நிற வளையம் விழவும் கூடாது, நடுவில் கொஞ்சம் ஈரம் இருக்கவேண்டும். மயோனேஸ் முட்டைமேல் போர்வைபோல் படிந்து நிற்கவேண்டும், கடுகின் காரம் மூக்கில் லேசாக ஏறவேண்டும். கட்டிக் கட்டியாக இனிப்போடு இருந்தால் வாளியிலிருந்து வந்தது. முட்டையும் எண்ணெயும் கடுகும் சேர்த்துக் கடைய ஒரு கடைக்குப் பொறுமை இல்லை என்றால், மூன்று மணி நேரம் வேகவேண்டிய குழம்பில் மட்டும் அந்தப் பொறுமை வந்துவிடாது. அதனால்தான் புதிய கடையில் முதலில் இதைக் கேட்கிறேன்.

பூர்கிஞோனில் இறைச்சி முள்கரண்டியின் பக்கவாட்டில் அழுத்தினாலே பிரியவேண்டும். குழம்பு பளபளப்பாக, கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதத்தில் இருக்கவேண்டும். வைன் புளிப்பு தூக்கலாக இருந்தால் அவசரமாகச் சமைத்தது. பிளாங்கெத்தில் மாவு வாடை வரக்கூடாது. வாத்துக் கால் கொன்ஃபியில் (கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்தது) தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே நார் நாராகவும் இருக்கும். இனிப்பில் சாக்லேட் வழியும் சூடான கேக், பல கடைகளில் வெளியிலிருந்து வாங்கி சூடேற்றுவது. அதைவிட கிரேம் கராமெல் கேளுங்கள், அல்லது ரீ ஓ லே என்ற பால்சோற்று இனிப்பு கேளுங்கள். நம் பாயசத்தைவிட இறுகி, வனிலா மணத்தோடு, குளிர்ந்து வரும்.

ஸ்டேக் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மலிவுக் கடையில் ஸ்டேக் மலிவு இறைச்சியாகத்தான் இருக்கும், சட்டென்று சுட்டுத் தருவதால் அதன் குறை மறையாது. மெதுவாக வேகும் உணவில்தான் குறைந்த விலைத் துண்டு ருசியாகிறது.

படி 6: சைவமா, மாடு பன்றி வேண்டாமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

இதில் நம்மவர்களுக்குச் சங்கடம் அதிகம். பிரெஞ்சுச் சமையலில் 'லார்தோன்' என்ற பன்றிக்கொழுப்புத் துண்டுகள் எதிர்பாராத இடத்தில் எல்லாம் இருக்கும்: பருப்பு சாலட்டில், கோழிக் குழம்பில், கீஷ் என்ற முட்டைப் பணியாரத்தில். வெங்காய சூப்பைப் பார்த்தால் சைவம் போலிருக்கும், ஆனால் வழக்கமாக மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், லார்தோனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமலும் விட்டுவிடலாம். தனித்தனியாகச் சொல்லுங்கள்: "சான் வியாந்த், சான் லார்தோன், சான் புவாசோன்" (இறைச்சி, பன்றித்துண்டு, மீன் மூன்றும் இல்லாமல்).

முட்டை சாப்பிடுகிற சைவர்களுக்கு முன் உணவில் வழி உண்டு. முட்டை மயோனேஸ், புவாரோ வினெக்ரெத் (வேகவைத்த லீக் தண்டு, புளிப்புச் சாறோடு), செலெரி ரெமுலாத் (துருவிய செலரிக் கிழங்கு, கடுகு மயோனேஸில்) மூன்றும் அசலானவை, மலிவானவை. இரண்டு முன் உணவைக் கேட்டு அதையே சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். உருளைக்கிழங்கை கிரீமில் அடுக்கிச் சுடும் கிராத்தான் தோஃபினுவா கிடைத்தால் விடாதீர்கள்.

மாடும் பன்றியும் வேண்டாதவர்களுக்கு வாத்து கொன்ஃபி, வறுத்த கோழி, உப்பிட்ட காட் மீனும் உருளைக்கிழங்கும் மசித்துச் செய்யும் பிராந்தாத், மட்டி வகையான மூல் உண்டு. கொக்கோவான் என்ற சேவல் குழம்பில் வைனும் லார்தோனும் சேரும். வாத்தோடு வரும் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பிலேயே வதங்கியிருக்கும். ஹலால் பார்க்கிறவர்களுக்குப் பாரம்பரிய பிஸ்ட்ரோவில் மீன்தான் வழி. அதிலும் சாஸில் வைன் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தார்தார் என்று போட்டிருந்தால் பச்சை இறைச்சி. அந்துயேத் என்பது பன்றிக்குடலைக் குடலுக்குள்ளேயே திணித்த சாசேஜ், வாடை பலமாக இருக்கும். குடல் வறுவலுக்குப் பழகியவர்கள் தைரியமாகக் கேட்கலாம். ஐந்து 'ஏ' எழுத்துகள் போட்டிருந்தால் அதன் ரசிகர் சங்கம் ஒப்புக்கொண்ட தரம்.

படி 7: இடத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு தேடுங்கள்

நோத்ர்தாம் எதிரே உள்ள ஊய்ஷெத் தெரு, மோன்மார்த்ர் உச்சியில் தெர்த்ர் சதுக்கம், ஷான்செலிசே இவற்றில் பசியோடு நிற்காதீர்கள். மெட்ரோ ஏறி நான்கைந்து நிறுத்தம் போங்கள். 10, 11, 12, 13, 20-ஆம் வட்டாரங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அலீக்ர் சந்தைச் சுற்றுவட்டமும், 13-இல் புத் ஓ காய் குன்றும் நடந்து பார்க்கத் தகுந்தவை.

மொன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிரெப்பரிகள் (மெல்லிய தோசை போன்ற கிரெப் சுட்டு விற்கும் கடைகள்) வரிசையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கிரெப்புக்குப் பேர்போன பிரெத்தாஞ் பகுதியிலிருந்து ரயில் அங்கேதான் வந்து நிற்கும். பிழைப்புத் தேடி வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே கடை போட்டார்கள். மொன்பர்னாஸ் தெருவில் 'சாரசான்' என்ற கறுப்பு மாவில் (பக்வீட்) ஊற்றிய கலெத் என்ற தோசை, முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு 10 யூரோ வாக்கில் கிடைக்கும். 'கொம்ப்ளெத்' என்றால் பன்றித் துண்டும் சேரும், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். சைவர்களுக்கு பாரிஸில் இதைவிட நிம்மதியான பாரம்பரிய உணவு எனக்குத் தெரியாது.

கூகுள் மேப்பில் 'பிரெஞ்சு ரெஸ்டாரண்ட்' என்று தேடினால் சுற்றுலாக் கடைகள்தான் மேலே வரும். உணவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டுத் தேடுங்கள்: பிளாங்கெத், பெத்தி சலே, அல்லது பிலா துய் ஜூர். வருகிற கடையில் பிரெஞ்சு மொழியில் எழுதிய அண்மைக் கருத்துகளை மொழிபெயர்த்துப் படியுங்கள். புகைப்படங்களில் கரும்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வெவ்வேறு நாள் படங்களில் வெவ்வேறு உணவு எழுதியிருந்தால் நீங்கள் தேடியது அதுதான்.

இந்த எல்லாவற்றையும் விட நம்பகமான வழி ஒன்று நம்மிடம் இருக்கிறது. பாரிஸ் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரராக உயர்ந்த ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். உங்கள் உறவிலோ நட்பிலோ அப்படி ஓர் அண்ணா இருந்தால், எந்தக் கடையில் குழம்பு காலையிலிருந்து அடுப்பில் கிடக்கிறது, எந்தக் கடையில் பாக்கெட்டைக் கத்தரிக்கிறார்கள் என்று அவரைக் கேளுங்கள். எந்த இணையக் கருத்தும் அதற்கு ஈடாகாது. பிரெஞ்சு ரொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. 20-ஆம் வட்டாரத்தில் அவர் பேக்கரி இருக்கிறது.

படி 8: ஹோட்டல் பள்ளிகளை விட்டுவிடாதீர்கள்

சமையல், பரிமாறல் படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக நடத்தும் உணவகங்கள் பாரிஸில் சில உண்டு. 6-ஆம் வட்டாரத்தில் ஃபெராந்தி பள்ளி, 17-இல் மெதெரிக் தெருவில் உள்ள ஜான் துருவான் பள்ளி போன்றவை. பாடப்புத்தகப் பிரெஞ்சுச் சமையல், வெளியைவிடக் குறைந்த விலை. பள்ளி நடக்கும் வார நாட்களில் மட்டும், முன்பதிவோடு மட்டும் போகமுடியும். கை நடுங்கும் மாணவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று வாத்தை வெட்டிப் பரிமாறுவார். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

படி 9: உள்ளே நுழைந்த பிறகு

கதவைத் திறந்ததும் "போன்ஜூர்" சொல்லுங்கள், மாலையென்றால் "போன்சுவார்". இதைச் சொல்லாமல் நேரே பேசத் தொடங்குவதை இங்கே மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள், அதன் பலன் சாப்பாடு முழுக்கத் தெரியும். இடம் காட்டும்வரை நில்லுங்கள்.

தண்ணீர் என்று மட்டும் கேட்டால் பாட்டில் வரும், 5 யூரோவுக்கு மேல் ஆகும். "உய்ன் கராஃப் தோ, சில் வு ப்ளே" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். இதைக் கேட்கலாம் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும்படி அறிவிக்கவேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம், தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். தட்டில் மீந்த குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதை சமையல்காரர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். வைன் குடிப்பவர்கள் பாட்டிலை விட்டுவிட்டு 'பிஷே' என்ற குடுவையில் கால் லிட்டர் கேளுங்கள்.

ஒரு முக்கிய உணவை வாங்கி மூன்று பேர் பகிர்வது இங்கே வழக்கமில்லை. இனிப்பைப் பகிரலாம், இரண்டு கரண்டி தருவார்கள். ஆளுக்கு ஒரு பிலா, குடும்பத்துக்கு இரண்டு இனிப்பு என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். காபியைச் சாப்பிட்ட மேசையில் குடிக்காமல் வெளியே வந்து ஏதாவது கஃபேயின் கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறையும். கவுண்டர் விலையும் மேசை விலையும் வெவ்வேறு என்பது பட்டியலிலேயே இருக்கும்.

பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவரமாட்டார்கள். அது அலட்சியம் இல்லை, உங்களைக் கிளப்பக்கூடாது என்ற மரியாதை. "லதிசியோன், சில் வு ப்ளே" என்றால் வரும். வரியும் சேவைக் கட்டணமும் பட்டியல் விலைக்குள்ளேயே அடக்கம். இப்போதெல்லாம் கார்டு இயந்திரம் டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறது, பூஜ்யம் அழுத்தினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மனசுக்குப் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 10: நாளும் மாதமும்

நல்ல பிஸ்ட்ரோக்களில் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், சில சனி மதியமும். ஆகஸ்டில் மூன்று நான்கு வாரம் கதவில் சீட்டு ஒட்டிவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விடுவார். கோடை விடுமுறையில் வருகிற நம் குடும்பங்கள் இதில்தான் மாட்டுகின்றன. அந்த மாதம் வருவதாக இருந்தால் குறித்து வைத்த ஒவ்வொரு கடைக்கும் முந்தின நாளே போன் செய்து பாருங்கள். பொத்தொஃபெ, பருப்போடு உப்புப் பன்றி சேரும் பெத்தி சலே, வெள்ளை பீன்ஸும் இறைச்சியும் சேரும் கசூலே எல்லாம் குளிர்கால உணவு. ஜூலையில் அவற்றைத் தேடி அலையவேண்டாம். வசந்தத்தில் வந்தால் இளம் காய்கறி போட்ட ஆட்டுக்கறி நவரானும், வெள்ளைத் தண்ணீர்விட்டான் (அஸ்பராகஸ்) தண்டும் பலகையில் இருக்கும்.

ஞாயிறு இரவு, ஆகஸ்ட் நடுவில், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்றால் பூயோன்கள் திறந்திருக்கும்.